கையால் செய்யும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர்: பாகங்களையும் பெட்டியையும் எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது

ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் செய்ய முனைபவர்களில் பெரும்பாலோர் முதலில் வாங்குவது பெட்டியைத்தான். அழகான சிறு தகர டப்பா ஒன்று கண்ணில் படுகிறது. அதற்குள் எது அடங்கும் என்ற எண்ணத்திலேயே மற்ற பாகங்களும் தேர்வாகின்றன. பிறகு பேட்டரி மூடியை இடிக்கிறது, நிற்க வேண்டிய கண்டென்சர் படுக்கவைக்கப்படுகிறது, மூடியின் ஓரத்தில் ஒயர் நசுங்குகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆகவே இங்கே சொல்லப்படும் வரிசை அதற்குத் தலைகீழானது. கையில் இருக்கும் ஹெட்போனில் தொடங்கி, மின்சாரம், ஐசி, மற்ற பாகங்கள் என்று நகர்ந்து, எல்லாம் மேசைமேல் வேலை செய்த பிறகே பெட்டிக்கு வருகிறது.

எடுத்துக்கொண்டிருக்கும் சுற்று மிக எளியது: இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரே இரட்டை ஆப்-ஆம்ப் ஐசி (இரண்டு பெருக்கிகள் அடங்கிய சிப்), முன்னால் ஒரு வால்யூம் கண்ட்ரோல், 9 வோல்ட் பேட்டரி. சிமோய் என்ற பெயரில் பரவலாகக் கிடைக்கும் சுற்றுப்படத்தின் எலும்புக்கூடு இதுதான். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பாகங்களை மட்டும் இங்கே சொல்வதுபோல் மாற்றிக்கொள்ளலாம். வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தைப் பெட்டிக்குள் கொண்டுவரும் எந்த முறையையும் முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

1. கடைக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். அது மில்லி வோல்ட், மில்லி ஆம்பியர் இரண்டையும் அளக்க வேண்டும். தொடர்பு இருந்தால் பீப் ஒலிக்கவும் வேண்டும். இந்த வழிகாட்டியில் பாதி வேலை சரிபார்ப்பதே என்பதால், மீட்டர் இல்லாமல் தொடங்கினால் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

25 வாட் சால்டரிங் அயர்ன், 0.8 மில்லிமீட்டர் சால்டர் கம்பி, சிறு கட்டர், டாட் போர்டு (வரிசையாகத் துளைகள் உள்ள பலகை), 8 பின் ஐசி பேஸ் ஆகியவை போதும். ஐசியை நேரடியாகப் போர்டில் பற்றவைக்காதீர்கள். பின்னால் வரும் ஒரு சோதனையில் ஐசியைக் கழற்றி மாற்ற வேண்டியிருக்கலாம்.

வாங்கவேண்டிய பட்டியலை மதிப்பு, வாட், வோல்ட், எண்ணிக்கை ஆகியவற்றுடன் எழுதி எடுத்துச்செல்லுங்கள். சென்னை ரிச்சி தெருவில் கூட்டம் மிகுந்த நேரத்தில், கவுண்டருக்கு அந்தப்பக்கம் இருப்பவர் நீங்கள் யோசித்து முடிக்கும்வரை நிற்கமாட்டார். கெப்பாசிட்டர் என்பதைவிடக் கண்டென்சர் என்று கேட்பது விரைவில் புரியும். ஒவ்வொரு ரெசிஸ்டர் மதிப்பிலும் தேவையைப்போல் ஐந்து மடங்கு வாங்குங்கள். விலை பொருட்டல்ல, அவற்றிலிருந்து ஜோடி பொறுக்குவதற்குத்தான் இது.

2. ஹெட்போனின் கணக்கை முதலில் போடுங்கள்

ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு வோல்ட் தரவேண்டும், எவ்வளவு மின்னோட்டம் தரவேண்டும் என்ற இரண்டு எண்களும் தெரியாமல் எந்தப் பாகத்தையும் தேர்ந்தெடுக்க முடியாது. இவை இரண்டும் ஹெட்போனின் மின்மறுப்பு (ஓமில் சொல்லப்படுவது), உணர்திறன் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது) என்ற இரண்டு விவரங்களிலிருந்தே கிடைக்கின்றன.

எடுத்துக்காட்டாக, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 250 ஓம் மாடலை எடுத்துக்கொள்வோம். அதன் உணர்திறன் 1 மில்லி வாட்டுக்கு 96 டெசிபல். இசையின் உச்சத் தருணங்கள் 110 டெசிபலைத் தொடவேண்டும் என்று வைத்துக்கொண்டால், 14 டெசிபல் கூடுதலாக வேண்டும். அது 25 மடங்கு ஆற்றல், அதாவது 25 மில்லி வாட். ஆற்றலை வாட்டில் எழுதி ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 2.5 வோல்ட் வருகிறது. அலையின் உச்சியில் அது சுமார் 3.5 வோல்ட். மின்னோட்டமோ 10 மில்லி ஆம்பியர்தான்.

அதே 96 டெசிபல் உணர்திறன் உள்ள 32 ஓம் ஹெட்போனுக்கு இதே கணக்கைப் போட்டால் 0.9 வோல்ட் போதும். ஆனால் மின்னோட்டம் 28 மில்லி ஆம்பியர், உச்சியில் 40. ஓம் அதிகமானால் வோல்ட் அதிகம் வேண்டும், ஓம் குறைந்தால் மின்னோட்டம் அதிகம் வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகும். பேட்டரியின் எண்ணிக்கையை முதல் எண்ணும், ஐசியின் தேர்வை இரண்டாவது எண்ணும் முடிவுசெய்கின்றன.

இங்கே புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சில நிறுவனங்கள் உணர்திறனை 1 மில்லி வாட்டுக்கு எழுதுகின்றன. வேறு சில 1 வோல்ட்டுக்கு எழுதுகின்றன. 32 ஓம் ஹெட்போனில் 1 வோல்ட் என்பது 31 மில்லி வாட் ஆகிவிடுவதால், இரண்டுக்கும் நடுவே 15 டெசிபல் வேறுபாடு இருக்கிறது. எந்த அலகில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் கணக்குப் போட்டால் எல்லாமே தவறிப்போகும். இன்னொன்று: 110 டெசிபல் என்பது கணநேர உச்சத்துக்கான இடைவெளி மட்டுமே, அந்த அளவில் தொடர்ந்து கேட்டால் காது கெடும்.

3. ஒரு பேட்டரியா, இரண்டு பேட்டரியா

ஆப்-ஆம்புக்குப் பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழும் மின்னழுத்தம் வேண்டும். ஒரே 9 வோல்ட் பேட்டரியைப் பயன்படுத்தும் சுற்றுகளில், இரண்டு ரெசிஸ்டர்களாலும் இரண்டு கண்டென்சர்களாலும் அதை நடுவில் பிளந்து, அந்த நடுப்புள்ளியையே கிரவுண்டாக, அதாவது பூஜ்ஜியமாகக் கொள்கிறார்கள். அப்போது கிடைப்பது மேலே 4.5, கீழே 4.5 வோல்ட். ஆப்-ஆம்பின் அவுட்புட் இந்த எல்லைவரை போகாது. சுமை இருக்கும்போது ஒவ்வொரு பக்கமும் இரண்டு வோல்ட் அளவுக்கு முன்பாகவே நின்றுவிடும். மிஞ்சுவது உச்சியில் சுமார் இரண்டரை வோல்ட். மேலே கணக்கிட்ட 250 ஓம் ஹெட்போனுக்கு வேண்டியது 3.5. பேட்டரி புதிதாக இருக்கும்போதே போதாது, பாதி தீர்ந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து அவை சேரும் இடத்தைக் கிரவுண்டாக வைத்தால், மேலும் கீழும் முழு 9 வோல்ட் கிடைக்கிறது. பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கிய பிறகும் 3.5 வோல்ட் உச்சி வெட்டுப்படாமல் வரும். நடுப்புள்ளியும் ரெசிஸ்டரால் பிளந்த தளர்வான புள்ளியாக இருக்காது. ஆகவே 32 ஓம் ஹெட்போன் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு பேட்டரியையே நான் சொல்வேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. சுற்று இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பேட்டரி மட்டும் கழன்றால் அவுட்புட் நேர்மின்னோட்டத்தோடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அது நேராக ஹெட்போனின் சுருளுக்குள் போய் அதை எரித்துவிடக்கூடும். எனவே சுவிட்ச் இரண்டு பேட்டரிகளையும் ஒரே அசைவில் துண்டிக்க வேண்டும் (பிரிவு 8-இல் இதற்கு வருகிறேன்). பேட்டரி கிளிப்பும் மெத்தென்ற வினைல் மூடியோடு வரும் மலிவான வகையாக இல்லாமல், கெட்டியான பிளாஸ்டிக் தலை கொண்டதாக இருக்கட்டும்.

அல்கலைன் பேட்டரி ஏறத்தாழ 500 மில்லி ஆம்பியர்-மணி தரும். இந்தச் சுற்று சும்மா இருக்கும்போதே 10 மில்லி ஆம்பியர் அளவுக்கு எடுப்பதால், நாற்பது மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும் என்று எதிர்பார்க்கலாம். ரீசார்ஜ் செய்யும் 9 வோல்ட் வகைகள் பெரும்பாலும் 200 முதல் 250 மில்லி ஆம்பியர்-மணிதான். அவற்றில் 7.2 வோல்ட், 8.4 வோல்ட் என்று இரண்டு வகை இருப்பதால், உறையைப் படித்துவிட்டு 8.4-ஐ எடுங்கள்.

4. ஐசி: பெயரைப் பார்த்து மாற்றாதீர்கள்

நான் பரிந்துரைப்பது ஓபிஏ2134. இதன் உள்ளீட்டில் ஃபெட் டிரான்சிஸ்டர்கள் இருப்பதால் அது உறிஞ்சும் மின்னோட்டம் கணக்கில் கொள்ளத்தக்கதே அல்ல. மேலும் கீழும் 2.5 வோல்ட் முதல் 18 வோல்ட் வரை இயங்கும். 35 மில்லி ஆம்பியர் அளவுக்கு அவுட்புட் தரும். 250 ஓம், 80 ஓம் ஹெட்போன்களுக்கு இது தாராளம். 32 ஓமுக்கு நாம் போட்ட உச்சக் கணக்கை மட்டும் மயிரிழையில் தவறவிடும். வழக்கமான ஒலி அளவில் அது தெரியவராது. 32 ஓமை உரக்க ஓட்டியே தீருவேன் என்பவர்கள் 70 மில்லி ஆம்பியர் தரும் என்ஜேஎம்4556ஏ பக்கம் பார்க்கலாம்; ஆனால் அடுத்து வரும் எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

கடையில் ஓபிஏ2134 இல்லையென்றால், "என்இ5532 எடுத்துக்கோங்க, அதே பின்தான்" என்பார்கள். பின் வரிசை அதேதான், உண்மை. அது நல்ல ஐசி என்பதும் உண்மை. ஆனால் அதன் உள்ளீடு வழக்கமாக 200 நானோ ஆம்பியர் உறிஞ்சுகிறது. நம் சுற்றில் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 20 மில்லி வோல்ட். அது மூன்று மடங்காகப் பெருகி, 60 மில்லி வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தமாக ஹெட்போனில் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும். 5532 போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் அந்த 100 கிலோ ஓமை 10 கிலோ ஓமாகக் குறைத்து, அதற்கேற்பக் கண்டென்சரையும் பெரிதாக்க வேண்டும். ஐசியை மட்டும் மாற்றிவிட்டு "இந்த ஐசியில் பாஸ் நன்றாக வருகிறது" என்று சொல்பவர்களின் சுற்றை மீட்டர் வைத்துப் பார்த்தால், பல நேரம் இந்தச் சாய்வுதான் தெரியும்.

போலி ஐசி ஒரு தனித் தொல்லை. மலிவான 4558, டிஎல்072 போன்றவற்றின் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு விலை உயர்ந்த பெயரை அச்சிட்டு விற்பது உண்டு. இதைக் கண்டுபிடிக்க எழுத்தை உற்றுப்பார்ப்பதைவிட இரண்டு அளவீடுகள் நம்பகமானவை. முதலாவது, எல்ஈடியைத் தவிர்த்து, பேட்டரி ஒயரில் தொடராக மீட்டரை வைத்து, எதுவும் இணைக்காத நிலையில் மின்னோட்டத்தை அளப்பது. உண்மையான ஓபிஏ2134 சுமார் 8 மில்லி ஆம்பியர் எடுக்கும். டிஎல்072 மூன்றுக்குச் சற்றுக் கீழே, 4558 மூன்றரை அளவில் நிற்கும். 5532-உம் எட்டு எடுப்பதால் இந்தச் சோதனையில் மட்டும் அது தப்பிவிடும். இரண்டாவது சோதனை அதைப் பிடித்துவிடும்: அவுட்புட்டில் சில மில்லி வோல்ட்டுக்குப் பதிலாக அறுபது எழுபது மில்லி வோல்ட் நின்றால், உள்ளே இருப்பது ஃபெட் உள்ளீடு கொண்ட ஐசி அல்ல.

5. பெருக்கம்: பதினொன்று வேண்டாம்

பழைய சுற்றுப்படங்களில் 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என்ற இரண்டு ரெசிஸ்டர்களால் பெருக்கம் 11 என்று வைத்திருப்பார்கள். அதை அப்படியே நகல் எடுப்பதுதான் நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு. கணினியோ ஃபோனோ சுமார் 1 வோல்ட் தருகிறது. நமக்கு வேண்டியது 2.5 வோல்ட். பதினொரு மடங்கு பெருக்கினால் வால்யூம் குமிழ் ஒன்பது மணி நிலையைத் தாண்டுவதற்குள் காது அடைத்துவிடும். மூலத்தின் இரைச்சலும் பதினொரு மடங்காகும்.

பெருக்கம் என்பது ஃபீட்பேக் ரெசிஸ்டரை (அவுட்புட்டிலிருந்து ஐசியின் உள்ளீட்டுக்குத் திரும்பி வரும் ரெசிஸ்டர்) கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரால் வகுத்து ஒன்றைக் கூட்டுவது. 2.2 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் போட்டால் 3.2 வரும், 250 ஓமுக்கு அது பொருத்தம். 32 ஓமுக்கு இரண்டும் 1 கிலோ ஓமாக இருக்கட்டும், பெருக்கம் 2.

ரெசிஸ்டர்கள் கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் வகையாக இருக்கட்டும். நீல நிற உடலும் ஐந்து வளையமும் அதன் அடையாளம். பழுப்பு நிறத்தில் நான்கு வளையத்தோடு வருவது கார்பன், 5 சதவீதம். வாங்கிய பத்தையும் மீட்டரில் அளந்து, மிக நெருக்கமான இரண்டை ஒரு ஜோடியாக எடுத்து இடதுக்கும் வலதுக்கும் போடுங்கள். சரியான மதிப்பு 2.2-ஆ 2.19-ஆ என்பது முக்கியமில்லை. இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதே முக்கியம், இல்லாவிட்டால் பாடகரின் குரல் நடுவில் நிற்காது.

சில படங்களில் அவுட்புட்டில் தொடராக 47 அல்லது 100 ஓம் இருக்கும். அது ஃபீட்பேக் வளையத்துக்கு வெளியே இருந்தால் 32 ஓம் ஹெட்போனோடு சேர்ந்து ஒலியின் சமநிலையையே மாற்றிவிடும். ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகவேண்டாம்.

6. வால்யூம் கண்ட்ரோல்

10 கிலோ ஓம், ஸ்டீரியோ, லாக் என்ற மூன்று சொற்களையும் சேர்த்தே கேளுங்கள். ஸ்டீரியோ என்றால் ஒரே தண்டில் இரண்டு அடுக்கு, ஆறு கால். லாக் என்பது காதின் இயல்புக்கேற்ப மெல்ல ஏறும் வகை. நேர்கோட்டில் ஏறும் லீனியர் வகையைப் போட்டால், குமிழை நகர்த்திய முதல் சிறு பகுதியிலேயே ஒலி முக்கால்வாசி வந்துவிடும். மீதிச் சுற்றுக்கு வேலையே இருக்காது.

உறையில் லாக் என்று எழுதியிருந்தாலும் உள்ளே லீனியர் இருப்பது சாதாரணம். கடையிலேயே சோதித்துவிடலாம். குமிழைச் சரியாக நடுவில் நிறுத்துங்கள். மூன்று கால்களில் நடுக்காலுக்கும், குமிழை முழுக்கக் குறைக்கும்போது நடுக்கால் எதனோடு சேர்கிறதோ அந்த ஓரக்காலுக்கும் இடையே ஓமை அளவிடுங்கள். 5 கிலோ ஓம் காட்டினால் லீனியர். 1 முதல் 2 கிலோ ஓமுக்குள் காட்டினால் லாக். அப்படியே குமிழைக் கால்வாசிக்குக் குறைத்து, இரண்டு அடுக்குகளையும் மாறி மாறி அளந்து பாருங்கள். இரண்டும் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொன்று கேளுங்கள். மெல்லிய ஒலியில் ஒரு காது மட்டும் கேட்பதற்குக் காரணம் இதுவே. பிறகு எதைச் செய்தும் சரிசெய்ய முடியாது.

7. கண்டென்சர்கள்

சிக்னல் போகும் பாதையில் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக 0.47 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கண்டென்சர் போதும். பின்னால் உள்ள 100 கிலோ ஓமோடு சேர்ந்து அது 3.4 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டுமே வெட்டும். கேட்கும் எல்லை 20 ஹெர்ட்ஸில் தொடங்குவதால் பாஸ் குறையாது. இதற்குப் பதிலாகச் சிறு செராமிக் வகையைப் போடாதீர்கள்: அதிக மதிப்புள்ள செராமிக், தன்மேல் விழும் மின்னழுத்தத்துக்கேற்ப மதிப்பை மாற்றிக்கொள்வதால் ஒலி சிதையும்.

செராமிக்குக்கு வேறு இடம் உண்டு. ஐசியின் 4-ஆம், 8-ஆம் கால்களிலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒவ்வொன்று, கால்களுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் போடவேண்டும். இது இல்லாவிட்டால் ஐசி நமக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் தானாக அலைந்து சூடேறும். கூடவே இரண்டு பேட்டரிப் பாதைகளுக்கும் 220 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் ஒவ்வொன்று. பெரியது நல்லது என்று 1000 வாங்காதீர்கள். உயரத்தில் பெட்டியைத் தோற்கடிப்பது அதுதான்.

8. ஜாக், சுவிட்ச், எல்ஈடி

3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக்கில், பெட்டிச் சுவரைத் தொடும், மரை வெட்டிய கழுத்து பிளாஸ்டிக்கால் ஆனதா உலோகமா என்று பாருங்கள். உலோகமாக இருந்தால் அது பெரும்பாலும் சிக்னலின் கிரவுண்டோடு உள்ளே இணைந்திருக்கும். உலோகப் பெட்டியில் திருகியவுடன் பெட்டி முழுவதும் கிரவுண்டாகிவிடும். இரண்டு பேட்டரிச் சுற்றில் இது பெரிய கேடு செய்யாது. ஒற்றைப் பேட்டரிச் சுற்றில், அடாப்டர் செருகும் உலோகப் பவர் ஜாக்கையும் அதே பெட்டியில் பொருத்தினால் கதையே வேறு: பவர் ஜாக்கின் வெளி வளையம் மைனஸ், ஹெட்போன் ஜாக்கின் கழுத்து நடுப்புள்ளி, இரண்டும் பெட்டி வழியாகச் சேர்ந்துவிடும். என் முதல் டப்பாவில் நடந்தது இதுதான். மேசைமேல் மணிக்கணக்கில் பாடிய சுற்று, மூடியைச் சாத்திய அரை நிமிடத்தில் ஒரு காதில் "டப்" என்று அடித்து நின்றது. ஒரு நாள் முழுவதும் ஐசியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் கழுத்துள்ள ஜாக்கையே கேட்டு வாங்குங்கள்.

சுவிட்ச் இரட்டைத் துருவ வகையாக, அதாவது டிபிடிடி என்று கேட்டால் கிடைக்கும் ஆறு கால் டாகிளாக இருக்கவேண்டும். சுவிட்சோடு சேர்ந்து வரும் வால்யூம் கண்ட்ரோல் இடத்தை மிச்சப்படுத்தும் என்று ஆசைகாட்டும்; அவற்றில் பல ஒரே துருவம் கொண்டவை என்பதால் ஒரு பேட்டரியை மட்டுமே துண்டிக்கும்.

எல்ஈடியை 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு, ஒரு பேட்டரியில் மட்டும் இணைக்காமல் இரண்டு பேட்டரிகளின் வெளி முனைகளுக்கு இடையே இணையுங்கள். 1.6 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும், இரண்டும் சமமாகத் தீரும். ஒன்று கழன்றால் விளக்கு அணைந்து எச்சரிக்கவும் செய்யும்.

9. பெட்டி வாங்கும் முன் மேசைமேல் இயக்குங்கள்

டாட் போர்டில் பாகங்களைப் பற்றவைத்து, ஜாக், வால்யூம், சுவிட்ச் மூன்றையும் ஒரு சாண் நீள ஒயர்களில் தொங்கவிட்டபடியே இயக்கிப் பாருங்கள். பெட்டிக்குள் வைத்த பிறகு பிழை தெரிந்தால், அது சுற்றின் பிழையா பெட்டியின் பிழையா என்று பிரிக்க முடியாது.

ஹெட்போனை இணைக்காமல், உள்ளீட்டை கிரவுண்டோடு சேர்த்துவைத்து, ஒவ்வொரு அவுட்புட்டிலும் நேர்மின்னழுத்தத்தை அளவிடுங்கள். ஓபிஏ2134-இல் ஏழு மில்லி வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். 20-ஐத் தாண்டினால் மேலே போகாதீர்கள். வோல்ட் கணக்கில் காட்டினால் ஐசி திருப்பிச் செருகப்பட்டிருக்கும், அல்லது ஃபீட்பேக் ரெசிஸ்டரின் ஒரு கால் பற்றாமல் இருக்கும். முதலில் அந்த இரண்டையும் பாருங்கள்.

10. இப்போது பெட்டி

ஒரு வெள்ளைத்தாளில், இப்போது உங்கள் கையில் இருக்கும் பாகங்களை உண்மையான அளவில் அடுக்கி, சுற்றிப் பென்சிலால் கோடிழுங்கள். 9 வோல்ட் பேட்டரி 48.5 மில்லிமீட்டர் நீளம், 26.5 அகலம், 17.5 தடிமன், கிளிப்பும் ஒயர் வளைவும் சேர்த்தால் நீளம் 60 ஆகும். இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்தால் 53 மில்லிமீட்டர் அகலம். போர்டின் உயரத்தை இப்படிக் கூட்டுங்கள்: தாங்குதூண் 5, போர்டு 1.6, எலக்ட்ரோலிட்டிக் 12, மொத்தம் 19-க்கு அருகில். இருபது மில்லிமீட்டர் உயரமே உள்ள மிட்டாய் டப்பா இதற்கு ஏன் ஆகாது என்பது இந்தக் கூட்டலிலேயே தெரிந்துவிடும். செருகிய ஜாக்கும் சுவிட்சின் கால்களும் உள்ளே எவ்வளவு நீண்டு நிற்கின்றன என்பதையும் தாளில் வரைந்துவிடுங்கள். எல்லோரும் மறப்பது இதைத்தான். வந்த அளவோடு ஒவ்வொரு பக்கமும் 5 மில்லிமீட்டர் கூட்டி, அதை உள்ளளவாகக் கொண்டு பெட்டி தேடுங்கள். கடையில் சொல்லும் எண் வெளியளவு.

பொருளைப் பொறுத்தவரை என் முதல் தேர்வு வார்ப்பு அலுமினியப் பெட்டி. கனம், உறுதி, இரைச்சல் தடுப்பு மூன்றும் அதில் உண்டு. அச்சு வழியாகத் தள்ளி உருவாக்கிய (எக்ஸ்ட்ரூடட்) அலுமினியக் குழாய்ப் பெட்டியில் போர்டு பக்கவாட்டுத் தடங்களில் நழுவி உட்காரும். பேட்டரி மாற்றுவதும் எளிது. ஆனால் போர்டின் அகலத்தை அந்தத் தடத்துக்கேற்ப முன்பே வெட்டியிருக்க வேண்டும்.

ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டி துளையிட எளியது, மலிவானது, எதையும் தடுக்காது. ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்திலேயே ஃபோன் இருக்கும் என்பதை மறக்கவேண்டாம்: 2ஜி அலையில் ஃபோன் பேசும்போது எழும் "டிட்டிட்டிட்" ஒலி 217 ஹெர்ட்ஸ் துடிப்பு, அது காதுக்கு மிகத் தெளிவாகக் கேட்கும். பிளாஸ்டிக்தான் என்றால் உட்புறம் முழுவதும் தாமிரத் தாள் ஒட்டி, அதைக் கிரவுண்டோடு பற்றவையுங்கள். மரப்பெட்டி பார்க்க அழகு. அதற்கும் இதே தாள் வேண்டும், தவிர ஜாக்கின் குட்டையான கழுத்து மரத்தின் தடிமனைத் தாண்டி வெளியே வராது.

அந்தக் கழுத்து விஷயம் உலோகத்துக்கும் பொருந்தும். வார்ப்புப் பெட்டியின் சுவர் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கும். கழுத்து நீளத்திலிருந்து அதையும் நட்டின் தடிமனையும் கழித்த பிறகு ஒரு மில்லிமீட்டராவது மிஞ்சவேண்டும்.

11. துளையிடலும் பொருத்தலும்

துளையின் அளவைப் பாகத்தின் கழுத்தை அளந்தே முடிவுசெய்யுங்கள், பொதுவாக 3.5 ஜாக்குக்கும் சிறு டாகிளுக்கும் 6 மில்லிமீட்டர், வால்யூமுக்கு 7. தாளில் வரைந்த படத்தையே பெட்டியில் ஒட்டி, மையத்தை சென்டர் பஞ்ச் என்ற கூர் உளியால் தட்டிக் குறித்து, 3 மில்லிமீட்டரில் தொடங்கிப் படிப்படியாக அகலப்படுத்துங்கள். நேராக 6-ஐ வைத்தால் ட்ரில் வழுக்கி ஓடும். தகர டப்பாவானால் உள்ளே மரக்கட்டை ஒன்றை முட்டுக்கொடுங்கள். இல்லாவிட்டால் தகரம் மடங்கிக் கிழியும்.

வால்யூம் கண்ட்ரோலின் முகப்பில், தண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பலர் அதை முறித்துப் போடுகிறார்கள். அதற்கென்று 2.5 மில்லிமீட்டரில் ஒரு குருட்டுத் துளை (மறுபக்கம் வெளிவராத துளை) போட்டு உட்காரவையுங்கள்; நட் தளர்ந்தாலும் உடல் சுழன்று ஒயரை முறுக்காது.

துளையிட்டு முடித்த பெட்டியைக் கழுவி உலர்த்திய பிறகே போர்டை அதன் அருகில் கொண்டுவாருங்கள். ஐசி கால்களுக்கு நடுவே சிக்கும் ஒரு அலுமினியத் துகள் போதும், வாரக்கணக்கில் அலையவைக்கும்.

பெட்டியை ஒரே ஒரு ஒயரால், ஒரே ஒரு இடத்தில், சுற்றின் கிரவுண்டோடு இணைக்கவேண்டும். அலுமினியத்தில் சால்டர் பிடிக்காது. ஒரு திருகின் அடியில் டேக் (ஒயர் பற்றவைப்பதற்கான சிறு உலோகத் தகடு) வைத்து அதில் ஒயரைப் பற்றவையுங்கள். வண்ணம் பூசிய அல்லது அனோடைஸ் செய்த பரப்பு மின்சாரம் கடத்தாது என்பதால், திருகு உட்காரும் இடத்தைச் சுரண்டிவிட்டு, மூடி, வால்யூமின் உலோக உடல் ஆகியவற்றுக்கும் அந்த டேக்குக்கும் இடையே மீட்டர் பீப் ஒலிக்கிறதா என்று பாருங்கள். குமிழைத் தொட்டால் "ம்ம்ம்" என்று இரைகிறது, கையை எடுத்தால் நிற்கிறது என்றால் வால்யூமின் உடல் கிரவுண்டில் சேரவில்லை.

உள்ளீட்டு ஜாக்கிலிருந்து வால்யூம்வரை போகும் ஒயர் ஷீல்டு ஒயராக இருக்கட்டும். அதன் பின்னலை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டோடு சேருங்கள். பேட்டரி உருளாமல் இருக்க ஒரு துண்டு ரப்பர் ஷீட்டும், போர்டின் அடியில் ஒரு தடித்த பிளாஸ்டிக் தாளும் வையுங்கள்.

12. ஹெட்போனைச் செருகும் வரிசை

மூடிய பெட்டியில் அவுட்புட்டின் நேர்மின்னழுத்தத்தை மறுபடியும் அளவிடுங்கள். மேசைமேல் வந்த எண்ணே வரவேண்டும். மாறியிருந்தால் பெட்டி எங்கோ தொடக்கூடாததைத் தொடுகிறது. பிறகு பெட்டியைக் கையில் எடுத்து லேசாகக் குலுக்கியபடியே மீட்டரைப் பாருங்கள்.

முதல் ஒலிக்கு நல்ல ஹெட்போனைச் செருகாதீர்கள். போனால் போகட்டும் என்று நினைக்கும் ஒரு மலிவான இயர்போனை, அதுவும் காதில் வைக்காமல் மேசைமேல் வைத்தே செருகுங்கள். பத்து நிமிடம் பாடவிட்டு ஐசியைத் தொட்டுப்பாருங்கள்: வெதுவெதுப்பு இயல்பு, விரல் வைக்க முடியாத சூடு என்றால் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர்களின் பற்றவைப்பைச் சரிபாருங்கள்.

அன்றாடப் பயன்பாட்டிலும் சுவிட்சைப் போட்ட பிறகே ஹெட்போனைச் செருகுங்கள், அணைக்கும் முன் உருவிவிடுங்கள். டாகிளின் இரண்டு துருவங்களும் எவ்வளவு நல்ல தயாரிப்பானாலும் ஒரே நொடிப்பிளவில் சேர்வதில்லை. அந்த இடைவெளியில் எழும் "டப்" ஹெட்போனுக்குப் போகவேண்டாம். பேட்டரிகளை மாற்றும்போதும் இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் அலையின் ஒரு பக்கம் மட்டும் முன்பே வெட்டுப்படும்.